எஞ்சின் தேடிய இன்ஜினியர்

"யாரோ ஒருத்தர் என்ன, நானே செஞ்சு தர்றேன்" என்று இன்ஜினியர் சொன்னபோது அவர் வாய் நிறையச் சாப்பாடு இருந்தது. அதனால் பந்தியில் பாதிப் பேருக்கு அது காதில் விழவில்லை. விழாமலே போயிருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் அவர் விழுங்கிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, இன்னொரு முறை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

விஷயம் இதுதான். அவர் மனைவிக்கு ஒரு தம்பி. கல்லூரியில் வரலாறு சொல்லிக் கொடுப்பவர் என்பதால் வீட்டில் அவருக்கு வாத்தியார் என்றே பெயர். பிறவியிலேயே பார்வை கிடையாது. அன்று குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடும்போது, தான் போனில் விளையாடும் விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னார். படமே இல்லாத விளையாட்டுகள். வெறும் சத்தம்தான். இடது காதில் நாய் குரைத்தால் வலது பக்கம் ஓட வேண்டும். முன்னால் தண்ணீர் சொட்டினால் நிற்க வேண்டும். எல்லாம் பிற மொழிகளில்தான் இருக்கின்றன, நம்ம மொழியில் யாராவது ஒருத்தர் செய்தால் நன்றாயிருக்கும் என்றார். ஒரு கதைகூட வைத்திருந்தார். பூட்டிய பெரிய வீடு, உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு ஆள், காதை மட்டும் நம்பி வெளியே வர வேண்டும்.

இன்ஜினியருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஒரு மாதம் போதும் என்றும் சொல்லிவிட்டார்.

அவரை இன்ஜினியர் என்று முதலில் கூப்பிட ஆரம்பித்தது அவரேதான். ஒரு சரக்கு லாரி நிறுவனத்தில், மூட்டைகளுக்கு ரசீது அடிக்கும் பழைய புரோகிராம் ஒன்றை உயிரோடு வைத்திருப்பது அவர் வேலை. அது இருமினால் முதுகைத் தட்டிக் கொடுப்பார்; மறுபடி ஓடும். புதிதாக ஒன்றை முதல் வரியிலிருந்து அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் வேலையில் இறங்கினார். முதல் வேலை, எந்தக் கருவியில் செய்வது என்று முடிவு செய்வது. சமையல் தொடங்கும் முன் அடுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாமா என்று மனைவியிடம் கேட்டார். வீட்டில் இருக்கிற அடுப்பு போதாதா என்று அவள் கேட்டாள். அவளுக்கு இதெல்லாம் புரியாது என்று விட்டுவிட்டார்.

முதலில், விளையாட்டுகளைச் செய்ய உதவும் 'எஞ்சின்' என்கிற மென்பொருள்களில் ஒரு பெரியதை இறக்கினார். காடு, மலை, போர்க்களம், பறக்கும் குதிரை எல்லாம் தத்ரூபமாகக் காட்டும் எஞ்சின். லேப்டாப்பின் மின்விசிறி விமானம் கிளம்புவதுபோல் கத்தியது. ஒரு படம்கூட இல்லாத விளையாட்டுக்கு இத்தனை படம் காட்டும் எஞ்சின் எதற்கு என்று மனைவி கேட்டாள். எதிர்காலத்துக்கு என்றார். அந்த எஞ்சினைத் திறந்தால் திரை முழுக்கப் பொத்தான்கள். எதை அமுக்கினாலும் வானம் நிறம் மாறியது. அந்த வாரம் முழுக்க அழகழகான வானங்களைச் செய்தார்.

அடுத்து, பாம்பின் பெயர் வைத்த கணினி மொழிக்கு வந்தார். எளிமையாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டார். அந்த மனிதர் எதைக் கேட்டாலும் "அதெல்லாம் இப்ப மேகத்துல, அதான் கிளவுட்ல, பண்றாங்க" என்பார்; அதனால் அவர் பெயரே மேகம். பாம்பு மெதுவாகத்தான் ஊரும் என்று மேகம் சொன்னார். இன்ஜினியர் பாம்பை விட்டார். ஒற்றை எழுத்துப் பெயர் கொண்ட மொழியைப் பிடித்தார். அது கடித்தது. பிரவுசரிலேயே ஓடுகிற ஒன்றைப் பார்த்தார். சத்தத்தைக் காதைச் சுற்றிச் சுழற்றும் நிரல் தொகுப்பு ஒன்று, எதிரொலிக்கு என்றே இன்னொன்று, எதிரொலியை அடக்குவதற்கு வேறொன்று. ஒவ்வொன்றையும் சோதிக்க ஹெட்போன் வேண்டும் என்று ஒரு ஹெட்போன் வாங்கினார். அந்த ஹெட்போனைச் சோதிக்க இன்னொன்று வாங்கினார்.

நாள் போகப் போக ஒரு உண்மையை அவர் கண்டுபிடித்தார். கருவியைத் தேர்ந்தெடுப்பது, கருவியைப் பயன்படுத்துவதைவிட எவ்வளவோ சுகமான வேலை. சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், கடைக்குப் போய் வரச் சொல்லும் குரல் கேட்காது. கேட்டாலும் ஆராய்ச்சி என்று சைகை காட்டலாம்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவர் கவனித்திருக்க வேண்டியது. அவள் தண்ணீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் இருப்பவள். குழாய் வறண்டால் ஊர் முழுக்க அவளுக்குத்தான் போன் செய்யும். குழாயைச் சரி செய்யாதவர்கள் எல்லோரும் அவளிடம்தான் காரணம் சொல்வார்கள். "வேலை நடந்துக்கிட்டிருக்குங்க" என்ற ஒரு வாக்கியத்தை அவளைப்போல் விதவிதமாகக் கேட்டவர்கள் குறைவு. வேலை தொடங்கியிருக்கிறதா இல்லையா என்பதை அவள் அந்த "ங்க"விலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

வாத்தியார் வாராவாரம் போன் செய்தார். ஒரு வாரம் அஸ்திவாரம் முடிந்தது என்றார் இன்ஜினியர். அடுத்த வாரம் சுவர் எழும்புகிறது. அதற்கடுத்த வாரம் பூச்சுவேலை. போனில் மறுமுனையில் வாத்தியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தான் போகும் வாசகர் வட்டத்தில் பார்வையில்லாத நண்பர்கள் நிறையப் பேர், எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், தினமும் கேட்கிறார்கள் என்றார். போனை வைத்த பிறகு இன்ஜினியர் லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். அவர் செய்திருந்ததெல்லாம், எந்தக் கருவி எப்படி என்று ஒப்பிட்ட ஒரு நீளமான அட்டவணை. 'முடிவு' என்ற கடைசிப் பத்தி இன்னும் காலி.

ஒரு வெள்ளிக்கிழமை மனைவி சாதாரணமாகச் சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமை தம்பி வருகிறான், அந்த விளையாட்டைக் கொஞ்சம் காட்டிவிடுங்கள், பூச்சுவேலைதான் முடிந்துவிட்டதே.

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். "மச்சான், ஒரு வரிகூட எழுதலை" என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். கண்ணாடியில் இருந்த ஆளின் முகத்தைப் பார்க்கவே சகிக்கவில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யோசனை நன்றாக இருந்தது. அதில் இருந்த கேவலம் அப்போது தெரியவில்லை.

அவரிடம் கம்பியில்லாத கீபோர்டு இருந்தது, கம்பியில்லாத ஹெட்போன் இரண்டு இருந்தன. வாத்தியார் கூடத்தில் கீபோர்டும் ஹெட்போனுமாக உட்காருவார். லேப்டாப் படுக்கையறையில், மூடிய கதவுக்குப் பின்னால். வாத்தியார் தட்டுவது லேப்டாப்பில் ஒரு வெற்றுப் பக்கத்தில் எழுத்தாக வந்து விழும். உள்ளே இன்ஜினியர் அதைப் பார்த்து, காலடிச் சத்தம் வேண்டுமென்றால் காலடி, கதவு வேண்டுமென்றால் கதவு என்று பதிவு செய்து வைத்ததை ஓட்டுவார். வர்ணனைக்கு, அவர் தட்டச்சு செய்ததை வாசிக்கும் இயந்திரக் குரல் இருக்கிறது. பதிவில் இல்லாத சத்தத்தை மைக்கைத் திறந்துவிட்டு நேரிலேயே எழுப்பிவிடலாம். இது முதல் சோதனைதான், அடுத்த வாரம் நிஜமாகவே எழுதிவிடலாம் என்று சமாதானம் செய்துகொண்டார். சனிக்கிழமை முழுக்க படுக்கையறைக்குள் ஷூ போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து காலடிகளைப் பதிவு செய்தார். மனைவி கதவைத் திறந்து பார்த்தாள். உடம்புக்கு நல்லது என்று நடக்கிறேன் என்றார். நல்லது என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

ஞாயிறு வாத்தியார் வந்தார். மனைவி இவ்வளவு ஒத்தாசையாக இருந்து இன்ஜினியர் பார்த்ததில்லை. நாற்காலியை அவளே இழுத்துப் போட்டாள். ஹெட்போனைத் தம்பிக்கு அவளே மாட்டினாள். கம்ப்யூட்டர் சூடாகும், நான் உள்ளே இருந்து கண்காணிக்க வேண்டும் என்று இன்ஜினியர் சொன்னபோது, கதவையும் நன்றாகச் சாத்திக்கொள்ளுங்கள் என்றாள்.

"வெறும் நம்பர் தட்டணுமா அத்தான், இல்ல வார்த்தையாவே எழுதலாமா?" என்று கேட்டார் வாத்தியார்.

அந்த இடத்தில் அடக்கமாக ஒரு பதில் சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

"என்ன வேணும்னாலும் எழுதுங்க மச்சான். அதுக்கு எல்லாம் புரியும்" என்றார் இன்ஜினியர்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தேவைப்பட்டால் நடக்கலாம் என்று ஷூவையும் மாட்டிக்கொண்டார். இயந்திரக் குரலை ஏவினார்: "நீங்கள் ஓர் இருண்ட அறையில் நிற்கிறீர்கள்." பக்கத்தில் எழுத்துகள் வந்து விழுந்தன. 'முன்னால் நட.' ஷூ காலடிகளை ஓட்டினார். 'கதவைத் திற.' கிறீச்சென்று கதவை ஓட்டினார். கூடத்திலிருந்து வாத்தியார் "அடடே" என்றது கேட்டது. இன்ஜினியருக்குப் புல்லரித்தது. நானே ஒரு எஞ்சின்தானே என்றுகூட நினைத்தார். வேகத்தில் விரல் தடுக்கியது. "கதவு திறந்தது" என்பதை "கவது திறந்தது" என்று அடித்துவிட்டார். இயந்திரக் குரல் அதை முழு மரியாதையோடு "கவது திறந்தது" என்று வாசித்தது. கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

பிறகு எழுத்துகள் மறுபடி வந்தன. 'ஜன்னலைத் திற.'

ஜன்னல் சத்தம் பதிவில் இல்லை. மைக்கைத் திறந்துவிட்டு நிஜ ஜன்னலிடம் போனார். போன மழையில் ஊறி இறுகிப்போன ஜன்னல். தள்ளினார், நகரவில்லை. தோளைக் கொடுத்து இடித்ததும் படாரென்று திறந்தது. அறைக்குள் காற்று வந்தது. அருமையான சத்தம்.

'கட்டிலுக்கு அடியில் இருப்பதை வெளியே இழு.'

நல்ல ஆட்டக்காரர், மறைவிடங்களைத் தேடுகிறார் என்று பாராட்டிக்கொண்டே இன்ஜினியர் குப்புறப் படுத்தார். ஒரு தகரப் பெட்டி, ஒற்றைச் செருப்பு, தூசி படிந்த மூட்டை ஒன்று. எல்லாம் கரகரவென்று நல்ல சத்தத்தோடு வந்தன. மூச்சிரைக்க மேஜைக்கு வந்து பார்த்தால், 'பெட்டியைத் துடை' என்றிருந்தது. துடைத்தார். 'அலமாரியில் இருக்கும் துணியை மடி.' துணி மடிக்கும் சத்தம் யாருக்கும் கேட்காதே என்று யோசித்து, "அலமாரியில் துணி இல்லை" என்று அடித்தார். உடனே பதில் வந்தது. 'இருக்கிறது. நடுத் தட்டு. வலது மூலை.'

என்ன ஒரு கற்பனை என்று வியந்தபடி நடுத் தட்டைத் திறந்தார். துணி இருந்தது. மடித்தார்.

'கூடத்தை ஒட்டிய சுவரில் ஆணி அடி.' அடித்தார். 'அங்கே இல்லை. கொஞ்சம் இடது பக்கம்.' பிடுங்கி இடது பக்கம் அடித்தார். 'இப்போது படத்தை மாட்டு.' பெட்டிக்குப் பின்னாலிருந்து வந்த மூட்டையை அவிழ்த்தால், அதற்குள் படமே இருந்தது. எடுத்து மாட்டினார். வியர்வை கண்ணுக்குள் போனது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமை. இப்படி ஒரு விளையாட்டை உலகில் யாரும் செய்ததில்லை.

'மின்விசிறியின் இறக்கையைத் துடை.'

ஈரத்துணியை எடுத்துக்கொண்டு, ஓரத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஏறப் போகும்போது இன்னொரு வரி வந்து விழுந்தது.

'ஸ்டூல் ஒரு கால் ஆடுது, பாத்து ஏறுங்க.'

இன்ஜினியர் அந்த வரியை ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். மற்ற வரிகளெல்லாம் நட, திற, இழு, துடை. இதில் மட்டும் ஒரு "ங்க" இருந்தது. அந்த "ங்க"வோடு அவர் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறார். கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் ஷூவின் மேல் சொட்டியது. மைக் திறந்துதான் இருந்தது.

கதவைத் திறந்து பார்த்தார். கீபோர்டு மனைவியின் மடியிலும் ஹெட்போன் அவள் தலையிலும் இருந்தன. வாத்தியார் டீ குடித்துக்கொண்டிருந்தார். முக்கால் டம்ளர் தீர்ந்திருந்தது.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டார் இன்ஜினியர். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"ஜன்னல்லேர்ந்து" என்றாள் மனைவி.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். அவள் சிரிக்கவில்லை. தம்பியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஜினியரும் பார்த்தார். பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். மனைவியை ஏமாற்ற நினைப்பது வேறு. அது தினமும் நடந்து தினமும் தோற்கிற காரியம். கண் தெரியாத மனிதரை, கண் தெரியாது என்ற ஒன்றையே நம்பி ஏமாற்ற ஒரு கதவைச் சாத்தியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

வாத்தியார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அக்கா நேத்தே போன்ல சொன்னா, அத்தான் ரூமுக்குள்ள ஷூ போட்டு நடந்து ரெக்கார்டு பண்றார்னு. நான் நம்பலை. என்கிட்ட அப்படிப் பண்ண மாட்டார்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தினார். "கவது திறந்ததும் நம்பிட்டேன்."

இன்ஜினியர் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஷூவோடுதான் இருந்தார். எந்தக் கருவி என்று முடிவு பண்ண முடியவில்லை, அதனால் தொடங்கவே இல்லை, தொடங்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல, ஒவ்வொரு காரணமும் வாயைவிட்டு வெளியே வந்ததும் சின்னதாகிக்கொண்டே போனது. கடைசியில் மன்னிப்புக் கேட்டார். அது மட்டும் சின்னதாகவில்லை.

எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று வாத்தியார் விசாரித்தார். இன்ஜினியர் பெரிய எஞ்சினிலிருந்து தொடங்கினார்.

"அது வேண்டாம். ஒரு தடவை திறந்து பாத்திருக்கேன். திரையை வாசிக்கிற குரல் அதுல ஒரு பொத்தானைக்கூடப் படிக்காது. 'பெயரில்லாத பொத்தான், பெயரில்லாத பொத்தான்'னு சொல்லிக்கிட்டே இருக்கும். வெறும் எழுத்தா எழுதற மொழி எதுவா இருந்தாலும் சரி, எனக்கு எட்டும்."

"உங்களுக்கு எதுக்கு எட்டணும்?" என்று இன்ஜினியர் புரியாமல் கேட்டார்.

"நான் கூட உக்காந்து எழுத வேண்டாமா? செஞ்சு குடுங்கன்னு நான் எங்கே கேட்டேன்? நம்ம மொழில செஞ்சா நல்லாருக்கும்னுதானே சொன்னேன். நீங்கதான் முந்திக்கிட்டு நானே தர்றேன்னுட்டீங்க. சரி, எப்பவாவது ஒருநாள் கூப்பிடுவார்னு இருந்தேன்."

அட்டவணையில் வேகம், விலை, எதிரொலி என்று எத்தனையோ பத்திகள் போட்டிருந்தார் இன்ஜினியர். இவரால் தொட முடியுமா என்று ஒரு பத்தி போடத் தோன்றவே இல்லை. போனில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் வாரமே முடிந்திருக்கும். அவர் அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

லேப்டாப்பைக் கூடத்துக்குக் கொண்டு வந்தார்கள். பாம்பின் பெயர் வைத்த மொழியைத் திறந்தார்கள். வாத்தியார் தன் போனில் ஓடும் வாசிப்புக் குரலை லேப்டாப்பிலும் போடச் சொல்லி, ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டுத் தட்டினார். இன்ஜினியர் தப்பான இடத்தில் அடைப்புக்குறியை விட்டபோது வாத்தியார்தான் பிடித்தார். புதிதாகப் போட்ட டீ ஆறுவதற்குள், ஒரு பொத்தானை அமுக்கினால் இடது காதில் கதவு திறந்தது. இன்னொன்றை அமுக்கினால் வலது காதில் காலடி நடந்தது. நிஜமாகவே கம்ப்யூட்டரே செய்தது. அவ்வளவுதான் விளையாட்டு. ஒரு அறை, ஒரு கதவு. வாத்தியார் அதைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடினார். அவர் முகத்தைப் பார்த்தபோது, இத்தனை வாரம் இதைத் தள்ளிப்போட்டோமே என்று இன்ஜினியர் வருந்தினார்.

வாசகர் வட்டத்து நண்பர்களுக்குத் தானே போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுவதாக இன்ஜினியர் முன்வந்தார். இது அவராக எடுத்த முடிவு. சொல்லும்போது அவருக்கே தன்மேல் கொஞ்சம் மரியாதை திரும்பியது.

"அதெல்லாம் வேண்டாம் அத்தான், நீங்க லேப்டாப் எடுத்துட்டு வரப் போனப்பவே நான் எல்லாருக்கும் சொல்லிட்டேன்" என்றார் வாத்தியார். "எல்லாரும் அடுத்த ஞாயிறு வர்றாங்க. புது விளையாட்டு முடியற வரைக்கும் காத்திருக்கிறாங்களாம். அதுவரைக்கும் பழைய விளையாட்டையே ஆடறாங்களாம்."

"பழைய விளையாட்டா?"

"என்ன எழுதினாலும் அதுக்குப் புரியும்னீங்களே, அது."

இன்ஜினியர் மனைவியைப் பார்த்தார். அவள் எழுந்து படுக்கையறைக்குள் போய், திறந்த ஜன்னலையும் சுவரில் மாட்டிய படத்தையும் மடித்த துணியையும் நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு கீபோர்டை எடுத்துத் தூசி தட்டினாள்.

"இந்த ரூம் முடிஞ்சிடுச்சு. சமையலறைதான் ரெண்டாவது லெவல்."